காத்தாடி அக்காவின் சுடுதண்ணீர்

காற்றைப் பிடித்துத் தண்ணீர்ப் பரலுக்குள் அடைத்து, அதைக் கொண்டு ஒரு கட்டடம் நிறைந்த பெண்களைக் குளிக்க வைத்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கிளிநொச்சியில், வட்டக்கச்சிக்குப் போகும் தெருவில், எங்கள் விடுதியின் மேல் தட்டில் நைற்றியும் வெல்டிங் கண்ணாடியுமாக நின்றவர். வேறு நாடுகளில் வேறு யாரோ இதைச் செய்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். அவர்கள் யாரும் தவமலர் ரீச்சரைச் சுடுதண்ணீரில் குளிக்கச் சம்மதிக்க வைத்தவர்கள் அல்ல. அது காற்றைப் பிடிப்பதைவிடக் கஷ்டமான வேலை.

எங்கள் எல்லாருக்கும் அவர் காத்தாடி அக்கா. காத்தாடி வருவதற்கு முன் வெறும் அக்கா. அதற்கும் முன் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும், ஆனால் நாங்கள் கேட்டதில்லை. மலையகத்தில் பிறந்து, சின்ன வயதில் ஒரு கலவரத்தோடு குடும்பமாக வன்னிக்கு இறங்கி வந்தவர். கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அவர் போன பிறகு அக்கா பட்டறையையும் நடத்தி, முன்னால் இருந்த வீட்டையும் பெரிதாக்கி, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியாக மாற்றிவிட்டார்.

பட்டறைக்காரி நடத்தும் விடுதியில் ஆடுகிற பொருள் என்று ஒன்றும் இருக்காது. கட்டில் கிரீச்சிட்டால் வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார். கதவுக் கொண்டி தளர்ந்தால் ஒட்டிவிடுவார். என் சைக்கிளின் ஸ்ராண்ட் கொஞ்சம் இளகியிருக்கிறது என்று ஒரு காலையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாலையில் வேலை முடிந்து கந்தோரால் வந்து பார்த்தால் ஸ்ராண்ட் அசையவே அசையாமல் நின்றது. சைக்கிளும்தான். பிறகு அதை வெட்டி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அக்காவுக்குக் குளிப்பு என்றால் சுடுதண்ணீர். குளிர் நாட்டில் பிறந்த உடம்பு வன்னி வெயிலிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எங்களுக்கோ சுடுதண்ணீர்க் குளிப்பு என்றால் இரண்டு பேருக்குத்தான் உரியது: பிள்ளை பெற்றவள், வருத்தக்காரி. மற்றவர்கள் கிணற்றில் அள்ளி வார்ப்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. இந்த விஷயத்தில் அக்காவுக்கும் தவமலர் ரீச்சருக்கும் நடந்த சண்டை நான் விடுதிக்கு வருவதற்கு முன்னமே தொடங்கியிருந்தது.

ரீச்சர் விசுவமடுக்காரர். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பித்தார். கலியாணம் செய்யவில்லை. விடுதி திறந்த நாளிலிருந்து கடைசி அறையில் இருந்தவர். எல்லா அறைகளுக்கும் ஒழுங்கு சொல்வதும் அவர்தான், எல்லாருக்கும் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பதும் அவர்தான். மார்கழி வந்தால் விடியப்பூசைக்குத் தோயாமல் போகமாட்டார். கிணற்றுத் தண்ணீரில் தலையோடு தோய்வார், கோயிலுக்குப் போவார், வந்து மூச்சு இழுக்கத் தொடங்குவார். தொய்வு, அந்த மூச்சிழுப்பு, அவருடைய பிறவிச் சொத்து. முந்திய மார்கழியில் அது முற்றி, அவரை ஆஸ்பத்திரியில் போட்டு, நாங்கள் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தோம். பார்க்க வந்த தம்பியார் கொழும்புக்கு வரச்சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். ரீச்சர் கடைசியில் ஒரு முடிவு சொன்னார்.

"இந்த முறை தப்பீட்டன். வாற மார்கழியும் இழுத்துதெண்டால் நான் தம்பியோட போயிடுவன். பிறகு என்னை மறிக்கக் கூடாது."

இதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் அழுதோம். அக்கா அழவில்லை. "அப்ப சுடுதண்ணில குளிங்க டீச்சர்," என்றார்.

"சுடுதண்ணியில குளிக்க நான் என்ன பிள்ளை பெத்தனானே?"

"வருத்தக்காரவங்களும் குளிக்கலாந்தானே?"

"நான் வருத்தக்காரியும் இல்லை," என்றார், முகத்தில் வைத்த மூச்சுக் குழாயை எடுத்துவிட்டு.

பேச்சுக்குச் சம்மதித்தாலும் வழி இல்லை. விறகு மூட்டினால் புகை ரீச்சரின் நெஞ்சுக்கு ஆகாது. காஸுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. மின்சாரம் வருவதும் போவதும் அதன் விருப்பம், வந்தாலும் பில்லை நினைத்தால் தண்ணீர் சுடவைக்கிற அளவுக்கு அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. அக்கா சில மாதங்கள் பேசாமல் யோசித்தார். அக்கா பேசாமல் இருந்தால் ஏதோ ஒன்று ஒட்டப்படப் போகிறது என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அபூர்வமாகக் கரண்ட் இருந்த நேரத்தில், தோசைக்குச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தவர் கிரைண்டர்க் கோப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"தொட்டுப் பாருங்க. சட்னி சுடுது. அடுப்பு வச்சமா? நெருப்பு வச்சமா? சும்மா சுத்துனதுக்கே சுடுது. அப்ப தண்ணியச் சுத்துனா சுடாதா?"

நாங்கள் ஒவ்வொருவராகச் சம்பலைத் தொட்டுப் பார்த்தோம். உண்மைதான், இளஞ்சூடாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த சுகந்தி, சுற்றுவதற்குக் கரண்டுக்கு எங்கே போவது என்று கேட்டாள். அக்கா யன்னலைக் காட்டினார். வெளியே சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட எங்கள் உடுப்புகளெல்லாம் தொங்காமல் படுத்துக் கிடந்தன.

"அந்தா, சும்மா கெடக்குது," என்றார்.

அன்று முதல் விடுதி பட்டறையாகிவிட்டது. பழைய வான் ஒன்றின் பின்பக்கக் கியர்ப்பெட்டி வந்தது. கூரைத் தகடுகளை வெட்டி இறக்கைகள் வந்தன. மேல் தட்டில் இரும்புக் கால்கள் நாட்டி, அதன் உச்சியில் காத்தாடி ஏறியது. காத்தாடி சுற்றினால் கியர்ப்பெட்டி வழியாக ஒரு தண்டு நேர் கீழே சுற்றும். தண்டின் அடியில் துடுப்புகள். துடுப்புகள் நிற்பது ஒரு பெரிய பரலுக்குள், தண்ணீருக்குள். மோர் கடைகிற வேலைதான், கடைகிறது காற்று. பரலின் சூடு வெளியே போகாமல் இருக்க அதைச் சுற்றித் தும்பும் வைக்கோலும் கட்டினார். அதுவும் போதாது என்று எங்கள் போர்வைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கேட்டால் பரலுக்குக் குளிருகிறது என்றார்.

துடுப்புகளையும் தண்டோடு ஒட்டத்தான் போனார். அந்த நேரம் பார்த்து ரீச்சர் மேல் தட்டுக்கு ஏறி வந்தார். அந்த வேலையில் அவர் காட்டிய முதல் அக்கறை அதுதான். கழற்றிக் கழுவ முடியாத பாத்திரத்துத் தண்ணீரை மேலில் ஊற்ற முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஊற்றமாட்டேன் என்று சொல்லவில்லை, கழுவினால் ஊற்றுவேன் என்றுதானே அதற்கு அர்த்தம்? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளை ஒட்டாமல் நட்டுப் போட்டு முடுக்கினார். இந்த நட்டை மறக்காதீர்கள்.

பரலிலிருந்து குழாய் நேராகக் கடைசி அறைக்குப் பக்கத்துக் குளியலறைக்கு இறங்கியது. மற்றக் குளியலறைகளுக்கு ஏன் இல்லை என்று நாங்கள் கேட்டோம். குழாயின் நீளம் காணாது என்று பதில் வந்தது. குழாய் வாங்கக் கடைக்குப் போனது நான். அது காணும் என்று எனக்குத் தெரியும்.

ஆடி மாதம் காத்தாடியைத் திறந்துவிட்டோம். சோளகம் அதைப் பிடித்துச் சுற்றிய சுற்றில் விடுதி அதிர்ந்தது. மாலைக்குள் தண்ணீர் இளஞ்சூடு. மறுநாள் நல்ல சூடு. அதற்கடுத்த நாள் கை வைக்க முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்று நினைத்தபோதுதான், நிறுத்துவதற்கு ஒன்றும் செய்யவில்லை என்பது அக்காவுக்கு நினைவு வந்தது. சுகந்தியின் சால்வையால் இறக்கையைக் கட்டினார். காத்தாடி சால்வையோடு சேர்ந்து சுற்றியது. சால்வையைப் பிறகு அடுத்த காணிக்காரர் தன்னுடைய தென்னையில் இருந்து எடுத்துத் தந்தார்.

ஆடி வெயிலில் கிளிநொச்சி காய்ந்து கிடக்கிறது, நாய் நிழலை விட்டு எழும்பவில்லை, எங்கள் விடுதியில் மட்டும் ஆவி பறக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்கு வாளியோடு கிணற்றடியில் நின்றோம். தெருவில் ஒரு கதை கிளம்பியது. கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் இருக்கிற விடுதியில் நாள் முழுக்கச் சுடுதண்ணீர் எதற்கு? யாருக்கு? வன்னியில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது பஸ் ஏறி, சுகந்தியின் ஊரான வற்றாப்பளை வரைக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் சுகந்தியின் அம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு பை. அதற்குள் காயச் சரக்கு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அவ்வளவும், அரைத்து உருட்டியபடி. மகளைக் கொல்ல வந்தாரா, பத்தியம் கொடுக்க வந்தாரா என்று அவருக்கே முடிவு இல்லை. சுகந்தியை மேலும் கீழும் பார்த்தார். இரவு வேலை முடிந்து வந்து நித்திரை தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் விழித்தாள்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. ஆருக்கு இந்தச் சுடுதண்ணி?"

"ரீச்சருக்கு அம்மா," என்றாள் சுகந்தி அப்பாவியாக.

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். ரீச்சருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. விஷயத்தை விளங்கப்படுத்தி முடிக்க எங்களுக்குப் பாதி நாள் போனது. முடிவில் அக்கா அவரைக் கையோடு கூட்டிப்போய், பஸ்ஸில் வந்த அலுப்புத் தீரக் குளித்துவிட்டு வரச்சொல்லிக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது அந்த மனிசியின் முகமே மாறியிருந்தது. இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லையாம். சரக்கை எங்கள் எல்லாருக்கும் கறி வைத்துத் தந்துவிட்டுத்தான் போனார். பிள்ளை பெறாத ஒரு விடுதியே அன்று பத்தியம் சாப்பிட்டது.

ரீச்சர் மட்டும் அந்தக் குளியலறைப் பக்கம் போகவில்லை. ஆடியில் குளிரில்லை, குளிரில்லாத காலத்தில் சுடுதண்ணீர் எதற்கு என்றார். அது நியாயம்தான். அக்கா மார்கழிக்குக் காத்திருந்தார். மார்கழி முதல் பூசைக்கு ரீச்சர் அந்தத் தண்ணீரில் தோய்ந்துதான் போவார், அப்படிப் போகாவிட்டால் காத்தாடியைத் தானே வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவேன் என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் காற்று விழுந்தது. மழை தொடங்கியது. காத்தாடி நனைந்தபடி சும்மா நின்றது. கார்த்திகை முடியும் நேரம் ஒரு விடியற்காலையில் வாடை வந்தது. அடித்துப் போடுகிற காற்று இல்லை, ஆனால் விடாமல் வீசுகிற, எலும்புக்குள் போகிற காற்று. மேலே காத்தாடி முனகிச் சுற்றத் தொடங்கியதும் நாங்கள் கைதட்டினோம். கொஞ்ச நேரத்தில் பரலுக்குள் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அக்கா ஏறிப்போய்ப் பரலுக்குள் கைவிட்டுப் பார்த்தார். துடுப்புகள் எல்லாம் அடியில் கிடந்தன. தண்டு மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வன்னியில் வருடத்துக்கு இரண்டு காற்று. சோளகம் தென்மேற்கால் வரும், வாடை வடகிழக்கால் வரும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சோளகத்தில் காத்தாடி கட்டியபோது அக்கா உட்பட எங்களில் ஒருத்திக்கும் வாடை ஞாபகம் வரவில்லை. கண்ணுக்குள் மண் அடிக்கிற காற்றைப் பார்த்து அதன் முகத்துக்கு நேரே காத்தாடியை ஒட்டி வைத்தோம். வாடை பின்பக்கத்தால் வந்ததும் காத்தாடி மறுபக்கம் சுற்றியது. சோளகத்தில் சுற்றச் சுற்ற இறுகிய நட்டு, வாடையில் சுற்றச் சுற்றக் கழன்றுவிட்டது. வேண்டாத காலத்துக்குக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்துவிட்டு, வேண்டிய காலத்துக்குக் கழன்று விழுகிற இயந்திரத்தை எங்களைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்?

முதல் பூசைக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அக்கா நனைந்த நைற்றியோடு பரலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவரை அப்படி வாடிய முகத்தோடு நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கீழே ரீச்சரின் அறையில் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. தம்பியோடு போகப் பெட்டி கட்டுகிறார் என்றே நினைத்தோம். சற்று நேரத்தில் ரீச்சர் குடையோடு மேலே ஏறி வந்தார். பெட்டியிலிருந்து எடுத்தது குடைதான்.

பரலைப் பார்த்தார். கழன்ற துடுப்புகளைப் பார்த்தார். அந்த நட்டு யாருடைய சொல்லுக்காகப் போட்டது என்பது அவருக்கும் தெரியும். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒட்டுங்கோ," என்றார் ரீச்சர்.

அந்த ஒரு சொல்லில் அக்கா எழும்பிவிட்டார். அன்று பின்னேரம் கரண்ட் வந்து நின்ற கொஞ்ச நேரத்துக்குள் துடுப்புகள் தண்டோடு ஒட்டப்பட்டன, இனிப் பிரளயம் வந்தாலும் கழலாதபடி. அதே கையோடு காத்தாடியின் தலையை அடியில் வெட்டி, வடகிழக்குப் பக்கம் திருப்ப வேண்டும். கயிறு போட்டு இழுத்தது நாங்கள். வங்கிப் பிள்ளை, கந்தோர்ப் பிள்ளை, தாதி, எல்லாரும் தூறலில் வழுக்கி வழுக்கி இழுத்தோம். ரீச்சர் குடைக்குள் நின்று வகுப்பு நடத்துகிற குரலில் ஒழுங்கு சொன்னார், இன்னும் கொஞ்சம் வடக்கால, சுகந்தி நீ பிடிக்கிறாயில்லை, கயிறைத் தொட்டுக்கொண்டு நிக்கிறாய். காத்தாடி சரியாக வாடைக்கு முகம் கொடுத்ததும் நெருப்புப் பொறி பறக்க அக்கா அதை ஒட்டினார். இறக்கை ஒருமுறை தயங்கியது. பிறகு சுற்றத் தொடங்கியது.

மறுநாள் விடிய முன்னம் விடுதி முழுக்கக் கடைசிக் குளியலறை வாசலில் நின்றது. ரீச்சர் மாற்றுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். இங்கே என்ன பார்வை என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். குழாய் திறக்கிற சத்தம். வாளி நிறைகிற சத்தம். அக்கா கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தார். முதல் செம்புத் தண்ணீர் விழுந்தது. ஆ என்றோ ஊ என்றோ ஒரு சத்தம் இல்லை. இரண்டாவது விழுந்தது. பிறகு விழுந்துகொண்டே இருந்தது. கிணற்றடியில் இரண்டு வாளியோடு ஓடிவருகிற ரீச்சர் பரல் வற்றும்வரை குளித்தார். எங்களுக்கு ஒரு துளி மிஞ்சவில்லை.

கதவு திறந்தது. ஆவிக்குள்ளிருந்து ரீச்சர் வந்தார். முகம் சிவந்திருந்தது. மூச்சு ஒழுங்காக வந்து போனது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

"சூடு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார்.

அக்கா மேல் தட்டுக்கு ஓடினார். காத்தாடிக்குக் கீழே நின்று, பால் எடுக்கப் போகிறவர்களுக்கும் பூசைக்குப் போகிறவர்களுக்கும் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"கேட்டீங்களா, சூடு கூடிப்போச்சாம். காத்துல சுட்ட தண்ணி, டீச்சருக்குச் சூடு கூடிப்போச்சாம்."

அந்த வாரமே கதை ஊரெல்லாம் பரவியது. ஆடியில் எங்களைப் பற்றிக் காதில் ஓதிய தெருப் பெண்கள், மார்கழியில் முழங்கால் வலிக்கு ஒரு வாளி கிடைக்குமா என்று கேற்றடியில் நின்றார்கள். அக்கா எல்லாருக்கும் கொடுத்தார், ஆனால் ரீச்சர் குளித்த பிறகு. மார்கழி முழுக்க ரீச்சர் ஒரு பூசையும் விடவில்லை. ஒரு நாளும் இழுக்கவில்லை. தைப்பொங்கலுக்கு வந்த தம்பியாரும் அந்தத் தண்ணீரில் குளித்தார். தமக்கையைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், தானே இன்னும் இரண்டு நாள் நின்றுவிட்டுத் தனியாகப் போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் பூசை அன்று கோயிலில் நடந்தது. ரீச்சருக்குப் பின்னால் நாங்களும் போயிருந்தோம். அக்கா வரவில்லை, பரலுக்கு மறுபடி தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் ரீச்சர் எப்போதும் சுவாமி பெயருக்கே செய்யச் சொல்வார். தனக்கென்று எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அன்று ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல உள்ளே திரும்பினார். ரீச்சர் அவரை மறித்து, "பாக்கியம், சுவாதி நட்சத்திரம்," என்றார்.

ரீச்சரின் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை. திரும்பி நடக்கும்போது யார் அது என்று கேட்டேன். ரீச்சர் நின்று என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு காலம் அவான்ர கையால சாப்பிடுறீர். பேர் தெரியாதே?"

அங்கிருந்து பார்த்தால் எங்கள் மேல் தட்டுத் தெரிந்தது. அப்போதுதான் வெளிக்கத் தொடங்கிய வானத்தில் காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நைற்றியோடு ஒரு உருவம் பரலுக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தது.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். என் வீட்டுக் குளியலறையில் சுவிச்சைத் தட்டினால் சுடுதண்ணீர் வரும், அதில் ஒரு சுவாரசியமும் இல்லை. காத்தாடியின் தலையை அக்கா பிறகு ஒரு பழைய வண்டிச் சில்லின் மேல் ஏற்றி, தள்ளினால் திரும்புகிற மாதிரிச் செய்துவிட்டார். கார்த்திகையில் வாடை கிளம்பினதும் பழைய பிள்ளைகள் எல்லாரும் போய்ச் சேர்ந்து அதைத் திருப்புவோம். ரீச்சர் ஓய்வு பெற்ற பிறகும் அதே கடைசி அறையில் இருக்கிறார், இன்னும் குடைக்குள் நின்றுதான் ஒழுங்கு சொல்கிறார். திருப்பி முடித்து, பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்தக் கோயிலுக்குள் ஏறுவேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்பார். என்னுடையதைத்தான் கேட்கிறார் என்று தெரியும். பாக்கியம், சுவாதி என்பேன்.